பதில் வராத கதவு

ஒலிப்பதிவு முடிந்த பிறகும் சூசைதாசன் தலையை அசைத்துக்கொண்டிருந்தார்.

றொசாந்தி கட்டில் ஓரத்திலிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தாள். திரை இருண்டிருந்தது. அவரோ யாரோ பேசுவதைக் கேட்பவர்போல முகத்தைக் கதவுப் பக்கம் சாய்த்து, கொஞ்சம் பொறுத்து, மெல்லத் தலையை ஆட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினார். வாயின் வலப்பக்கம் வழக்கம்போலத் தொங்கிக் கிடக்க, இடப்பக்கம் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, முடிஞ்சுது" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. முதலில் அவள் அழுதாள். பிறகு அழுகையும் மற்ற வேலைகளைப்போல நேரமில்லாமல் விடுபட்டுப் போனது. இப்போதெல்லாம் அவளுடைய உடம்பு தானாக எழும்பும், கஞ்சி வைக்கும், படுக்கை விரிப்பு மாற்றும், கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் காத்திருக்கும். அவள் அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்து வருவாள். ஒரேயொரு ஆசைதான் மிச்சமிருந்தது. கலியாணம் முடித்த நாள் முதல் அவர் அவளைக் கூப்பிட்டு வந்த 'றொசா' என்ற சொல்லை இன்னொரு தரம் அவர் வாயால் கேட்கவேண்டும்.

பழைய பழக்கமான குரல்களைக் கேட்கவிடுங்கள், சிலவேளை பேச்சுத் திரும்பும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லியிருந்தாள். அதனால்தான் ஜெர்மனியில் இருக்கும் சூசைதாசனின் தம்பி லெஸ்லி இந்தப் பதிவைத் தேடி அனுப்பினான்.

லண்டனுக்கு வருமுன் சூசைதாசன் வடக்கு ஜெர்மனியின் சின்ன நகரமொன்றில், கத்தோலிக்கத் திருச்சபை ஆயரின் பிராந்திய அலுவலகத்தில் வேலை செய்தார். பின்னேரங்களில் யன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைத்து, கட்டடத்தைப் பூட்டும் வேலை. ஆயர் இருந்த நகரம் வெகு தூரம். ஆகவே அந்தப் பகுதியின் பங்குகள், பள்ளிக்கூடங்கள், சவக்காலைக் காணிகள், கலியாண வழக்குகள் எல்லாவற்றையும் அந்த நீண்ட செங்கல் கட்டடத்துக்குள் இருந்த ஒரு குருவானவரே ஆண்டார். எத்தனையோ அரசுகள் மாறியும் அந்த அலுவலகம் மாறவில்லை. இப்போது அதை மூடுகிறார்கள். மூடுமுன் அதன் வரலாற்றைத் தொகுப்பதற்காகப் பழைய ஊழியர்களைப் பேசவைத்துப் பதிந்திருந்தார்கள். சூசைதாசனுக்கு நன்கு பழக்கமான ஹில்ட்றூட் என்ற முதிய தட்டெழுத்தாளரின் குரல்தான் இது.

அன்று லெஸ்லி போன் எடுத்தான்.

"அண்ணி, கிழவி கதைச்சதைக் கேட்டீங்களோ? தொண்ணூறு வயசாகுது, இன்னும் வாய் ஓயேல்லை."

"பாதிதான் கேட்டனான். அடுப்படியில வேலை."

"அண்ணை?"

"தலையை ஆட்டுறார்."

"உங்களுக்கு ஆட்டாத தலை கிழவிக்கு ஆட்டுதோ? கவனம் அண்ணி!" சிரித்தான். பிறகு, "அந்தக் கந்தோரில வேலை செய்யேக்க அண்ணை ஒவ்வொரு நாளும் தொண்டை கட்டித்தானே வீட்ட வருவார், ஞாபகம் இருக்கோ? ஆளில்லாத கட்டடத்தில ஆரோட கத்தினவரோ" என்றான்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. தேன் விட்ட வெந்நீரோடு காத்திருந்த பின்னேரங்கள். என்ன, அங்க பாட்டுக் கச்சேரியோ என்று அவள் கேட்டால் அவர் வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். ஒருநாள் கட்டடம் பூட்டும் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, லண்டனுக்குப் போவம் என்றார். பிள்ளை இங்கிலீசில் படிக்கட்டும் என்று எல்லோரும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிய காலம் அது. யாரும் காரணம் கேட்கவில்லை.

லண்டனில் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்த பிறகு அவர் வீட்டில் செபமாலை சொல்ல விடவில்லை. கோயிலில் சொல்லு, வீட்டுக்குள் வேண்டாம் என்றார். கைக்குழந்தையாக வந்திறங்கிய மகள் பிறேமினியைக் கத்தோலிக்கப் பள்ளிக்கும் அனுப்பவில்லை, ஒரு செபமும் பழக்கவில்லை. பங்குப் பெண்கள் றொசாந்தியைப் பிடித்து, "உங்கட வீட்டு மாதா வெளியிலதான் நிக்கிறவவோ?" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வருவாள்.

அடுத்த நாள் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. யன்னலுக்கு வெளியே குரொய்டன் பஸ் ஒன்று நின்று பெருமூச்சுவிட்டுப் போனது. பதிவைப் போட்டுவிட்டு அவள் சமையலறையில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹில்ட்றூட்டின் குரல் வீட்டுக்குள்ளிருந்த நீண்ட நடைபாதை வழியே ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு ஆண் குரல், துருப்பிடித்த கதவைப் பலகாலம் கழித்துத் திறந்ததுபோல, கரகரத்து எழுந்தது.

"...பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..."

பருப்புச் சட்டி தண்ணீர்த் தொட்டிக்குள் சரிந்தது. அவள் ஓடினாள். சூசைதாசன் நேரே பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அருள் நிறைந்த மரியாயே செபத்தின் பின்பாதி. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பதிலாகச் சொல்லும் பகுதி.

"பிறேமினி! பிறேமினி, அப்பா கதைக்கிறார்!"

அவள் போய்ப் பலமாகத் தட்டிய பிறகே நடைபாதையின் கடைசிக் கதவு திறந்தது. காதுகளை மூடிய ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிக்கொண்டு மகள் வந்தாள்.

"ரியலி? என்ன சொல்றார்?"

"செபம் சொல்றார்."

"அப்பாவா?" அவள் புருவத்தை உயர்த்தினாள். "எனக்கு எக்ஸாம் இருக்கம்மா. ஹெட்போனைப் போட்டா ஒண்டும் கேக்காது, ஏதும் எண்டா மெசேஜ் போடுங்கோ." போகும்போது திரும்பி, "ஆனா ஐ ஆம் ஹாப்பி" என்றாள். கதவு மூடியது.

றொசாந்தி அவருடைய நல்ல கையைப் பிடித்தாள். "றொசா எண்டு சொல்லுங்கோ. ஒருக்கா."

அவர் பொறுத்தார். கேட்டார். பின்பாதியைச் சொன்னார். அந்தக் கை ஈரமாகவும் பனிபோலக் குளிர்ந்தும் இருந்தது.

அவர் நித்திரையான பிறகு, முதல் நாள் கேட்காமல் விட்ட மிச்சப் பாதியை அவள் தனியே கேட்டாள். ஜெர்மன் அவளுக்கு இன்னும் நன்றாக விளங்கியது. போருக்குப் பின் அந்த அலுவலகத்தை ஆண்ட ஒரு குருவானவரைப் பற்றி ஹில்ட்றூட் சொல்லிக்கொண்டிருந்தார். அலுவலகம் மூடும் நேரத்தில் அவர் நடைபாதை வழியே நடந்து, ஒவ்வொரு மூடிய கதவின் முன்னும் நின்று செபத்தின் முன்பாதியைச் சொல்வாராம். உள்ளே இருப்பவர் பின்பாதியைச் சொல்லவேண்டும். பதில் வந்தால் அடுத்த கதவுக்குப் போய்விடுவார்.

"பதில் வராத கதவை மட்டும் திறந்து பார்ப்பார்" என்றார் ஹில்ட்றூட். "நாங்கள் பக்தியில் சொல்லவில்லை. அவர் கதவைத் திறந்துவிடக்கூடாதே என்றுதான் சொன்னோம். ஒருநாள் கோப்பறையில் வேலை செய்த இளம்பிள்ளை பதில் சொல்லவில்லை." கிண்ணமொன்று தட்டில் மோதும் சத்தம். "அவர் செத்த பிறகும் நாங்கள் சொன்னோம். பிறகு அந்தத் தமிழர் வந்தார், பூட்டுகிறவர். எல்லோரும் போன பிறகு அவர் தனியே நின்று ஒவ்வொரு அறைக்காகவும் சொன்னார். பாவம். இதை வரலாற்றில் எழுதவேண்டாம்."

றொசாந்தி பதிவை அழித்தாள். பயம் வரவில்லை. விறைத்த விரலில் ஊசி குத்தியதுபோல, எங்கோ தொலைவில் ஏதோ நடந்ததென்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் பின்னேரம் கைபேசி அணைந்து அவளுடைய சட்டைப் பையில் கிடந்தது. வீட்டில் வேறொரு சத்தமும் இல்லை. அவள் சூசைதாசனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கரண்டியில் அவர் வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தார். கஞ்சியின் மணத்துக்குள் வேறொரு மணம் மெல்லக் கலந்தது. மரத்தரைக்குப் பூசும் மெழுகு, நனைந்த கம்பளி மேலங்கி, வெகுகாலம் திறக்காத அலுமாரியின் உட்புறம். நடைபாதை முழுவதும் தடித்த கம்பளம் விரித்திருந்தது. அதன்மேல், தோல் சப்பாத்தொன்று மரப்பலகையை அழுத்தும் கிறீச்சொலி வாசல் பக்கமிருந்து புறப்பட்டு, அவசரமில்லாமல் வந்து, அவர்களுடைய கதவுக்கு வெளியே நின்றது.

ஒரு ஆண் குரல். தாழ்வாக. ஜெர்மனில். முன்பாதி.

சூசைதாசன் பதில் சொன்னார். தொண்டை கிழிந்தது. கஞ்சி நாடியில் வழிந்தது.

சப்பாத்து நகரவில்லை. மறுபடி முன்பாதி. சொற்கள் தேய்ந்து போன பதில் அதற்குப் போதவில்லை.

அவர் மறுபடி தொடங்கினார். 'பாவிகளாயிருக்கிற' வரை வந்தார். குரல் அறுந்தது. வெறும் காற்று வந்தது. நல்ல கண் அவளைத் தேடிப் பிடித்தது. நல்ல கை அவளுடைய மணிக்கட்டை நசுக்கியது.

"றொசா" என்றார்.

இத்தனை மாதம் காத்திருந்த சொல்.

கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

அவள் பதில் சொன்னாள். முழுவதும். ஒரு சொல் விடாமல், ஆமென் வரை.

கைப்பிடி மேலே வந்தது. கிறீச். நகர்ந்தது.

சமையலறைக் கதவு. முன்பாதி. மௌனம். கதவு திறக்கும் சத்தம். உள்ளே யாருமில்லை. சாத்தும் சத்தம்.

குளியலறை. மௌனம். திறந்தது. மூடியது.

இனி ஒரு கதவுதான்.

"பிறேமினி!" அவள் கத்தினாள். "பிறேமினி, சொல்லு!"

எதைச் சொல்வது? யாரும் பழக்கவில்லையே. ஹெட்போன். றொசாந்தி சட்டைப் பையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி எடுத்தாள். அணைந்திருந்தது. அவள் தானே பின்பாதியைக் கத்தினாள், இந்த அறைக்குள் இருந்து, திரும்பத் திரும்ப. அந்தக் குரல் அதைக் கவனிக்கவில்லை. அது அந்தக் கடைசிக் கதவின் பதில் அல்ல.

கடைசிக் கதவின் முன் முன்பாதி முடிந்தது.

மௌனம்.

அவர் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு அவள் ஓடினாள். கதவைத் திறந்தாள். நடைபாதை வெறுமையாகக் கிடந்தது. வழக்கத்தைவிட நீளமாக. மெழுகு மணம் கண்ணைக் கரித்தது. தூரத்தில், பிறேமினியின் கதவு மரியாதையாக, சத்தமில்லாமல், உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

அதன் முன்னே கம்பளத்தில் ஹெட்போன் கிடந்தது. அதற்குள் பாட்டு இன்னும் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

றொசாந்தி கைப்பிடியில் கை வைத்தாள். அழுத்தினாள். அசையவில்லை.

உள்ளே, மகளின் குரல் பின்பாதியைச் சொல்லத் தொடங்கியது. நிதானமாக. தெளிவாக. ஒரு சொல்லும் தெரியாத ஜெர்மனில்.