ஈரச் சாக்கு

நத்தை போன தடம் சமையற்கட்டு வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்திருந்தது. கெர்ட்ரூட் குனிந்து பார்த்தாள். நத்தைத் தடம் விரல் அகலம் இருக்கும், இது உள்ளங்கை அகலம். சிமெண்டுத் தரையில் பளபளத்து ஓடி, நேரே தூளிக்கு அடியில் போய் முடிந்திருந்தது. தூளிக்குள் டோரிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு நாள் பிள்ளை. கையில் கண்ணாடிக் கருவளை, வாயோரம் உலர்ந்த பால், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கெர்ட்ரூட் பழந்துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பிசின் நூல் நூலாக இழுபட்டதே தவிர, போகவில்லை.

பின்புறம் போனால் அங்கே இன்னொரு கொள்ளை. கத்தரி நாற்றில் ஒரு வரிசையே காணோம். தண்டை அடியோடு தின்றுவிட்டு, நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகளைத் துப்பிவிட்டுப் போயிருந்தன சனியன்கள்.

பட்டறையில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று ஆனதிலிருந்து, செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் தோட்டம் போடாத வீடு கிடையாது. கெர்ட்ரூட் வீட்டுப் பின்புறமோ முழுக்கச் செம்பாறை, மண்வெட்டி இறங்காது. சாக்கடையோரம் ஒரு மூலையில் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. ஏன் அப்படி என்று அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் மரியநாயகத்துக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அவர்களுடைய தலைச்சன் பிள்ளையை அங்கேதான் புதைத்தார்கள். கிள்ளானிலிருந்து சித்தப்பா மகன் கிரிகரி வந்து ஞானத்தகப்பனாக நிற்கட்டும் என்று மரியநாயகம் காத்திருந்தான். பிள்ளை காத்திருக்கவில்லை, ஒன்பதாம் நாள் போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாததற்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். அந்தி மழையில் அவனே குழி வெட்டினான். அந்த மண்ணில் எதையும் நடக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இந்தப் பிள்ளைக்கும் அவன் கிரிகரிக்காகவே காத்திருந்தான்.

"வாங்கின சூடு போதாதா? இன்னைக்கே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

"நாளைக்கு வந்துடுவான், ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். ரெண்டே நாள், பொறு லா" என்றான் மரியநாயகம். தடத்தைக் காட்டினாள். எலி ஓடியிருக்கும் என்றான். எலிக்கு எங்கே எச்சில் என்று அவள் கேட்கவில்லை.

அன்று, வெள்ளி சாயங்காலம், நாற்றைச் சுற்றி எஞ்சின் சாம்பலை வட்டமாகக் கொட்டினாள். நடுவில் நனைத்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளித் தோலை வைத்தாள். நத்தைகள் வாசனைக்கு வந்து சாக்கின் அடியில் ஒண்டிக்கொள்ளும், தூக்கினால் கூட்டமாகச் சிக்கும். மழை விட்டு விளக்கு வைத்த நேரம் தூக்கினாள். கோழிமுட்டை அளவு ஓட்டு நத்தைகள். கொஞ்ச வருஷமாகத்தான் இந்தப் பக்கம் தலைகாட்டும் ஜாதி. ஓடில்லாதவை வேறு, கட்டைவிரல் தடிமனில். செங்கல்லை எடுத்துக் குத்தினாள். ஓடு நொறுங்கி வெள்ளைக் குழம்பு முகத்தில் தெறித்தது. உப்பை அள்ளி வீசினாள். மஞ்சள் நுரை கக்கிச் சுருண்டன, நெளிந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தப்பப் பார்த்தன. வெந்நீரை ஊற்றினாள். தப்பியதைக் குதிகாலால் தேய்த்தாள். கொல்லக் கொல்ல மனசு லேசானது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை தடம் சுவரில் ஏறியிருந்தது. உத்தரத்தில் ஓடி, தூளிக் கயிற்றில் இறங்கியிருந்தது. டோரிஸின் கழுத்து முழுக்கப் பிசின். பிள்ளை அழவில்லை, மலங்க மலங்க விழித்தது. கெர்ட்ரூட் அதைக் கழுவித் துடைத்து, பகல் பூராவும் மடியைவிட்டு இறக்கவில்லை.

அந்தியில் மரியநாயகம் கிரிகரியையும் அவன் மனைவி ஜோசஃபினையும் அழைத்துவர ரயிலடிக்குப் போனான். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தகரக் கூரைச் சத்தத்தில் பட்டறைச் சங்குகூடக் காதில் விழவில்லை. பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தவள், சுவரில் சாய்ந்தபடி கண் அயர்ந்துவிட்டாள். இரண்டு நாள் தூங்காத உடம்பு, பாவம்.

விழித்தபோது மழை நின்றிருந்தது. ஈரத்தை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பின்கதவு திறந்திருந்தது. தூளி லேசாக ஆடியது. துணிக்குமேல் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் கனம் இருந்தது, மூச்சும் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. தரையில் புதுத் தடம் வாசல்வரை ஓடியது.

ஆத்திரம் வந்தது. உப்புச் சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மூலையில் சாக்கு புடைத்திருந்தது.

முழ நீளம். அசைந்தது. சாக்கின் ஓரத்தைத் தூக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அடித்தாள். அடியில் ஏதோ மெல்லிசாக உடைந்தது. ஓடு. இன்னொரு அடி. பூனைக்குட்டி முனகல்போல ஒரு சத்தம். இன்னும் அடித்தாள். முனகல் நின்றது. சட்டி உப்பையும் கவிழ்த்தாள். அசைவில்லை. என் பிள்ளையையா தேடி வருகிறாய் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

உள்ளே வந்து கை கழுவுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். ஜோசஃபின் ஓடிப்போய்த் தூளியிலிருந்து பிள்ளையை அள்ளினாள்.

"பிள்ளை உடம்பு ஏன் இப்படி ஜில்லுன்னு கெடக்கு அக்கா?"

மழை என்றாள் கெர்ட்ரூட். இரவு பிள்ளை பால் கேட்டு அழவில்லை. ஜோசஃபின் பக்கத்திலேயே கிடந்தது. கெர்ட்ரூட் மூன்று நாளில் முதன்முதலாக அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

காலையில் ஜோசஃபினே நீளக் கை வெள்ளைச் சட்டை மாட்டி, குல்லா வைத்து, பிள்ளையைத் தூக்கி வந்தாள். கோயில் வாசலில் கிரிகரி மெழுகுவத்தியோடு நின்றான். சாமியார் லத்தீனில் ஏதோ சொல்லி, ஒரு சிட்டிகை உப்பெடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார்.

நாக்கு நுரைத்தது.

மஞ்சள் நுரை. உதட்டைத் தாண்டி வழிந்தது. நாக்கு சுருண்டது. உள்ளே போனது. இன்னும் உள்ளே. கன்னம் அதனோடு சேர்ந்து உள்ளே இழுபட்டது. கண்கள் இரண்டும் மெதுவாக உள்ளே போயின. அழுகை இல்லை. ஜோசஃபினின் கையில் பிசின் நூல் நூலாகத் தொங்கியது.

கெர்ட்ரூட் பிள்ளையின் சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

"வளையல் எங்கே?"

"நேத்துத் தூக்கும்போதே வெறுங்கைதான் அக்கா" என்றாள் ஜோசஃபின்.

மெல்லிசாக உடைந்த அந்தச் சத்தம் கெர்ட்ரூட்டின் காதில் மறுபடி கேட்டது. கண்ணாடி. பின்புறத்து மூலையில், ஒரு சட்டி உப்புக்கு அடியில், ஈரச் சாக்கு இன்னும் மூடியபடியே கிடந்தது.