காயாத மடு

மூன்று மாதமாகியும் படத்தின் வலது மூலை காயவில்லை. ஓவியர் தர்லோ விரல் வைத்துப் பார்த்தார்; பழுப்பு நிறம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தின் சஃபோக் கிராமத்து ஓடை, மாவு ஆலை, வைக்கோல் வண்டி, பாதி வானத்தை அடைத்த மேகம் எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க, மரநிழல் விழுந்த மடு மட்டும் ஈரமாகவே கிடந்தது. இன்று அதில் எண்ணெய் வாசனை இல்லை. சேற்று வாசனை அடித்தது.

அந்தக் காலத்து ஓவியர்கள் நிழலுக்குத் தார் கலந்த பழுப்பைத்தான் பூசினார்கள். பூசும்போது தேனாக மின்னும். காயுமா என்று கேட்டால் தொழில் தெரியாதவன் என்று சிரிப்பார்கள். காயாது என்று தர்லோவுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அவசரமாக ஒன்றை மறைக்க வேண்டியிருந்தது.

ஜூலையில் அதே கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். துணி அலச வந்த கெசையா கால் வழுக்கி மடுவில் விழுந்தாள். அவள் கை உயர்ந்தது. அப்போதுதான் மேகத்தைப் பிளந்துகொண்டு அவர் காத்திருந்த வெளிச்சம் இறங்கியிருந்தது, ஐந்து நிமிடம் தங்கினால் அதிகம். ஆழமில்லை, எழுந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தக் கையையும் சிவப்பு முக்காட்டையும் சேர்த்தே வரைந்தார். வெளிச்சம் போனபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. மறுநாள் படத்தில் இருந்த அவள்மேல் பழுப்பைக் குழைத்துப் பூசினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெட்கங்கெட்ட மனிதர், அந்தப் படத்தையே லண்டனுக்கு அனுப்பவும் ஒப்புக்கொண்டார்.

கதவு திறந்தது. ஊரில் இருந்த ஒரே தச்சன் ஆமோஸ். கெசையாவின் புருஷன்.

"பெட்டி அடிச்சாச்சுங்கய்யா. படத்தக் குடுங்க."

"நானே வெச்சுக்கறேன் ஆமோஸ். நீ கெளம்பு."

"தூரிகையத் தவிர வேற எதையாவது தூக்கியிருக்கீங்களா நீங்க? தள்ளுங்க."

சிரித்துக்கொண்டே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கணப்புச் சூட்டில் பழுப்பு இளகி வழிந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு கை.

"கெசையா," என்றான்.

"உனக்காகத்தான்... ஒரு நினைவுக்கு." பொய் சொன்ன நாக்கு தர்லோவுக்குக் கசந்தது.

ஆமோஸின் கண் நிறைந்தது. "என்னப் பாத்துக் கையாட்டறா பாருங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலங்கய்யா."

அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது தர்லோவுக்கு. சொன்னால் அடித்தே கொல்வான். கொல்லட்டும். தர்லோ வாயைத் திறந்தார்.

"அப்ப இது யாருங்கய்யா?"

ஆமோஸின் விரல் கரையைக் காட்டியது. மரத்தடியில் ஒரு சின்ன மனிதன். தர்லோ அவனை வரைந்ததே இல்லை. மடியில் பலகை. கையில் தூரிகை. அவர் போட்டிருந்த அதே பச்சைக் கோட்டு.

"பக்கத்துலயேதான உக்காந்திருக்கான்," என்றான் ஆமோஸ் மெதுவாக. "கை நீட்டியிருந்தாலே போதுமே."

சேற்று வாசனை அறையை அடைத்தது. ஆமோஸ் திரும்பி அவருடைய கோட்டைப் பார்த்தான். தர்லோவால் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சிவப்பு முக்காடு மூழ்கியது. மெதுவாக. பிறகு முழங்கை. பிறகு விரல்கள்.

கரையில் இருந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுடைய தூரிகை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.