புகார் உண்மை

அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியபோது விரல் ஏற்கெனவே பொத்தானை அழுத்தியிருந்தது.

ஒரு சமூக வலைத்தளத்துக்கு வரும் போலிக் கணக்குப் புகார்களைத் தீர்ப்பது அவள் வேலை. என் படத்தைத் திருடி யாரோ கணக்கு நடத்துகிறார்கள் என்று எழுதுவார்கள். கூடவே இடமும் வலமும் திரும்பி, கண் சிமிட்டி எடுத்த வீடியோவையும் அனுப்புவார்கள். முகம் பொருந்தினால் ‘புகார் உண்மை’, இல்லாவிட்டால் ‘நிராகரி’. ஒன்றுக்கு இருபது நொடி. ஏழு வருடத்தில் அவள் விரல் மூளையிடம் கேட்பதையே விட்டுவிட்டது. அந்த வேகத்துக்காகப் போன மாதம் ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

வீடியோவில் இருந்தவள் திரும்பினாள், சிமிட்டினாள், கச்சிதமாகப் பொருந்தினாள். போலிக் கணக்கு நீக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் காதோரத் தழும்பு உறைத்தது. நீலச் சட்டை உறைத்தது. காலையில் அவசர அவசரமாக இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்ட சட்டை. குனிந்து பார்த்தாள். உடம்பில்தான் இருந்தது.

நீக்கப்பட்டது அவளுடைய கணக்கு.

புகாரில் எழுதியிருந்ததை இப்போதுதான் படித்தாள். ‘என் பெயரில் இருப்பவள் நானில்லை. பகலில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வெளியே விடாதீர்கள்.’

யாரோ வம்பு பண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. நேராக டீம் லீடரிடம் போனாள்.

“தெரிஞ்சவங்க கேஸையே தொடக்கூடாதுன்னு ரூல் இருக்கு. நீங்க உங்க கேஸையே முடிச்சு வச்சிருக்கீங்க” என்றார் அவர், தலையில் கை வைத்துக்கொண்டு.

“கை தவறிடுச்சு சார். திருப்பிப் போடுங்க.”

“என்னால முடியாது. அப்பீல் போடுங்க, மூணு நாள்ல பார்ப்பாங்க.”

மூன்று நாள். இதே பதிலைத் தினமும் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறாள்! அப்போதுதான் மணியைப் பார்த்தாள். இரண்டே முக்கால். மூன்றரைக்கு மகளுக்குப் பள்ளி விடும். மூன்றாம் வகுப்பு. வாசலில் கேமரா முன்னால் நின்றால், இதே வலைத்தளக் கணக்கில் இருக்கும் முகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அனுப்புவார்கள். நல்ல பாதுகாப்பு என்று அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

கணவனுக்கு உடனே சொல்ல வேண்டும்.

போன் வெளியே லாக்கரில் இருந்தது. உள்ளே கொண்டுவர யாருக்கும் அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு ஓடினாள். கதவையும் லாக்கரையும் அதே கணக்கோடு போன வருடம்தான் இணைத்திருந்தார்கள். கேமராவில் முகத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. தலைமுடியை ஒதுக்கிவிட்டுக் காட்டினாள். மறுபடியும் சிவப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி தன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“திறங்கண்ணே! நான்தான். தினமும் பார்க்கிறீங்களே!”

“மேடம் பத்து நிமிஷம் முன்னாடியே வெளிய போயிட்டாங்கன்னு காட்டுதும்மா.” கண்ணாடி வழியாக அவர் குரல் கம்மலாக வந்தது. “போகும்போது எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. நீங்க யாரு?”

பக்கத்து இருக்கைக்காரியை எல்லோரும் ரேடியோ என்பார்கள், வாய் ஓயாது. அவளிடம் கெஞ்சி, கணவன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ரேடியோவுக்குக் கதவு உடனே திறந்தது. அவள் திரும்பி வரும்வரை, நாற்பது கீபோர்டுகள் ஓயாமல் தட்டும் சத்தத்தையும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையையும், கழுத்தில் விழும் ஏசிக் காற்றையும், யாரும் தன்னை நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெரிய வெளிச்சமான அறையையும் தாங்கிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

ரேடியோ சத்தமில்லாமல் வந்தாள்.

“பேசினியா? பிள்ளைய அனுப்ப வேண்டாம்னு ஸ்கூலுக்குச் சொல்லச் சொன்னியா?”

“உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தாரு. ஸ்கூல்ல இருந்து மூணு பேரும் இப்பதான் வந்தாங்களாம்.”

“மூணு பேரா?”

“போனை உங்ககிட்ட கொடுத்தாரு.” ரேடியோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் உங்ககூட பேசினேன். எங்கம்மா முழங்கால் வலிகூட விசாரிச்சீங்க.”

“அது நானில்லடி!”

ரேடியோ பின்வாங்கினாள். தன் நாற்காலியை அடுத்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். எப்போது இவ்வளவு நேரம் ஆனது? இருக்கைக்கு வந்தாள். திரையில் அடுத்த புகார் காத்திருந்தது.

மகளின் முகம்.

வீட்டு டேப்லெட்டில் எடுத்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. உதடு துடித்தது.

“இது எங்கம்மா இல்ல. அம்மா மாதிரியே இருக்காங்க. அப்பாகிட்ட சொன்னா சிரிக்கிறாரு. யாராவது வாங்க.”

என் தங்கமே. உனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு மட்டும்.

‘புகார் உண்மை’. அழுத்தினாள். பொத்தான் அசையவில்லை. மறுபடியும். மறுபடியும். திரையின் மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘புகார் கொடுத்தவர் வயது குறைந்தவர். தானாக நிராகரிக்கப்படும்.’

இன்னும் பன்னிரண்டு நொடி.

திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

ஒன்பது.

வீடியோவில் கதவு திறந்தது. நீலச் சட்டை. நிதானமான நடை. வந்தவள் மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தோளைச் சுற்றிக் கை போட்டாள்.

“யார்கிட்ட பேசிட்டிருக்க, கண்ணு?”

மூன்று.

மகள் கேமராவையே பார்த்தாள். நேராக. இமைக்காமல். யாராவது வருவார்களா என்று பார்ப்பதுபோல. பிறகு அந்தத் தோளில் மெதுவாகச் சாய்ந்தாள்.

“யாருமில்லம்மா.”