கட்டுக்குப் பிறகு காயம்

"கட்டு முதல்லயா, காயம் முதல்லயா? யாராவது சொல்லுங்க!"

வத்ஸலா எழுந்து நின்றே கேட்டுவிட்டாள். நாற்பது தலைகள் திரும்பின. கோழிக்கோட்டில் ஃபிலிம் சொசைட்டியின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில், அதுவும் முதல் தடவையாக வந்த ஒருத்தி, இப்படியா கேட்பாள்?

உண்மையில் அவள் படம் பார்க்க வந்தவளே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தவளை இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய வாசலில் ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். "உள்ள வாங்க சிஸ்டர்... மழைக்கு டிக்கெட் கிடையாது" என்றான். அவன் சிரித்தபோது கண்ணும் சேர்ந்து சிரித்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் உள்ளே போனாள். பாவி!

படமா அது? ரொட்டியை அறுத்தால் உள்ளே தலைமுடி. அலமாரியைத் திறந்தால் செத்துப்போன மாப்பிள்ளை, கோட்டில் செருகிய பூவோடு நின்றபடி. சமையலறையில் ஒரு வெள்ளைக் குதிரை. வீட்டில் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏதோ ஐரோப்பிய நாட்டுப் படம், பேச்சு புரியாது, கீழே எழுத்தும் கிடையாது. வாளி வாளியாக ரத்தம் பார்த்தவள்தான் வத்ஸலா. ஆனாலும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பயத்தையும் மீறி ஒன்று உறுத்தியது. படத்தில் வரும் பெண்ணின் இடது கையில் கட்டு. அடுத்த ரீலில் கட்டைக் காணோம்! தழும்புகூட இல்லாத அதே கையைக் கண்ணாடித் துண்டால் அப்போதுதான் கிழித்துக்கொள்கிறாள்...

படம் முடிந்ததும் சொசைட்டித் தலைவர் தாமோதரன் மாஷ் தாடியைத் தடவியபடி அரைமணி நேரம் பேசினார். "காயத்துக்கு முன்னாடியே கட்டு! காலம்ங்கறதே நேர்கோடு இல்லன்னு டைரக்டர் சொல்றார்... ஆஹா!"

அங்கேதான் வத்ஸலாவுக்குப் பொறுக்கவில்லை.

"மோளே, இது சினிமா" என்றார் மாஷ். "கட்டுப் போடற டிரெஸ்ஸிங் ரூம் இல்ல."

கூடம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் எவனோ 'கூ...' என்று கூவினான். வத்ஸலாவின் காதுமடல் எரிந்தது. புரொஜெக்டர் பக்கம் திரும்பினாள். வாசலில் பார்த்த அதே ஆள்... சுகதன், பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார், அதனால் அவனும் ஒரு மாஷ்தான், சொசைட்டிக்குப் படம் ஓட்டுகிறவன். ரீல் டப்பாக்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்தான்... தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுக்கு என்னவோ தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டான்!

புதன்கிழமை சொசைட்டியின் இரண்டு பக்கப் பத்திரிகை வந்தது. அதில் ஒரு துணுக்கு, 'கட்டு கேட்ட ரசிகை'. வார்டில் எல்லோரும் படித்தார்கள். "சிஸ்டரே, குதிரைக்கு ஊசி போட்டாச்சா?" என்று கம்பவுண்டர்கூடக் கேட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்துக்கு நடுவில் அந்தக் கண்கள் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தன.

வியாழக்கிழமை டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் அதே கண்கள். உள்ளங்கையில் ரத்தம்.

"ஃபிலிம் ஒட்டும்போது பிளேடு பட்டுடுச்சு..."

"அடடா, கட்டுப் போடாம வந்துட்டீங்களே மாஷே! உங்க வழக்கப்படி கட்டுதானே முதல்ல?"

சுகதன் கையை நீட்டினான். "சிஸ்டர்... நீங்க கேட்டதுதான் சரி. ரெண்டாவது ரீலும் மூணாவது ரீலும் மாறிப்போச்சு. டப்பா மேல நம்பர் இல்ல, அவங்க பாஷையில எழுத்தாத்தான் இருந்துச்சு. குத்துமதிப்பா ஓட்டிட்டேன்."

வத்ஸலா டிங்சரைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள்.

"ஆ!"

"கத்துங்க. அன்னிக்குத்தான் வாயே இல்லாம நின்னீங்க."

"சொசைட்டியே தாமோதரன் மாஷோடது சிஸ்டர். அரைமணி நேரம் புகழ்ந்தவர் முன்னாடி எப்படிச் சொல்றது? மறுபடி என்னை மிஷினைத் தொட விடமாட்டார். வாரம் முழுக்க நான் காத்திருக்கறதே அந்த ரெண்டு மணி நேரத்துக்குத்தான்..."

"அப்ப நான்? சிரிச்சது நாப்பது பேர். நான் சொன்னது சரின்னு சொல்றது மட்டும் ஒத்தையில, டெட்டால் வாசனைக்கு நடுவுலயா? எனக்கு வேண்டாம் அந்த நியாயம்." முடிச்சை இறுக்கினாள். "மூணு நாள் நனைக்காதீங்க. அடுத்த ஆள்!"

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனாள். கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்... வேறெதற்கும் இல்லை என்று தனக்கே மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

விளக்கு அணையும் முன் சுகதன் எழுந்தான்.

"போன வாரம் நீங்க பாத்தது டைரக்டர் எடுத்த படம் இல்ல, நான் ரீலை மாத்தி ஓட்டின படம். நாப்பது பேர்ல ஒருத்தங்கதான் அதைக் கண்டுபிடிச்சாங்க. நீங்க சிரிச்சீங்க. நான் தெரிஞ்சும் தலை குனிஞ்சேன், அது சிரிச்சதை விடக் கேவலம்."

நாற்பது தலைகளும் தலைவர் பக்கம் திரும்பின.

"அப்ப நான் பேசினது?" என்றார் தாமோதரன் மாஷ்.

"நல்லாத்தான் பேசினீங்க மாஷே. படம்தான் வேற."

பின்வரிசையிலிருந்து 'கூ...' கிளம்பியது. இந்தத் தடவை அது மாஷுக்கு. அவர் முகம் கறுத்தது. "ரூம் சாவியை வெச்சுட்டுப் போ."

"வைக்கிறேன். படப்பெட்டி இன்னும் திருப்பி அனுப்பல... இதைச் சரியா ஓட்டிட்டு வைக்கிறேன்."

ஓட்டினான். முதலில் காயம், பிறகு கட்டு. வத்ஸலாவுக்கு இந்தத் தடவை இன்னும் பயமாக இருந்தது. ஆனால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பயந்தாள்.

வெளியே மழை. வாசலில் சுகதன் வெறுங்கையோடு நின்றான்.

"இப்பவாவது புரிஞ்சுதா சிஸ்டர்?"

"ஒரு மண்ணும் புரியல. ஆனா இப்ப நியாயமாப் புரியல."

அவன் சிரித்தான். கண்ணும் சிரித்தது, ஆனால் ஓரத்தில் ஈரம்.

"சாவி...?"

"போச்சு."

அவளுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. அதை மறைக்க அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டு சொதசொதவென்று நனைந்திருந்தது.

"நனைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சுகதேட்டா!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஏட்டா! 'மாஷே' என்றிருந்தவள் ஒருவனைப் பெயரோடு சேர்த்து ஏட்டா என்று, கட்டிக்கொள்ளப் போகிறவனை அழைப்பதுபோல் அழைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கோழிக்கோட்டில் யாருக்குத்தான் தெரியாது? கையை விடவும் மறந்து நின்றாள்...

"சிஸ்டர்... இன்னொண்ணும் சொல்லணும். நாப்பது பேரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்..." தலையை ஆட்டினாள். "இதை ஒத்தையில சொல்லலாம்."

"பிடிச்சிருக்குன்னு மூணாவது ரீல்ல சொல்லலாம்னு இருந்தேன். நீங்க நாலாவதை முதல்லயே ஓட்டிட்டீங்களே!"

"மாறினா மாறட்டும்" என்றாள் தரையைப் பார்த்தபடி. "இப்ப மூணாவதை ஓட்டுங்க."

சொன்னான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.