உதடு அசையும் முன்னே

அவள் குடையின் முனை நேராக அவன் விலாவில் போய்க் குத்தியது.

"வாசல்ல கம்பம் மாதிரி நின்னா யாருதான் இடிக்க மாட்டாங்க?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் ஒலிப்பதிவுக் கூடத்தின் படியேறிவிட்டாள். நெஞ்சுக்குள் 'மன்னிச்சிடுங்க' என்று ஒரு வார்த்தை எட்டிப் பார்த்தது... வழக்கம்போல் விழுங்கிக்கொண்டாள்.

அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பின்னணிக் குரல் கொடுப்பது தொழில். இத்தனை வருடமும் கூட்டத்தில் ஒரு கூச்சல், கல்யாண வீட்டில் ஒரு சிரிப்பு... அவ்வளவுதான். இன்று ஒரு பழைய காதல் நகைச்சுவைப் படத்தைத் தமிழில் பேசவைக்கிறார்கள். நாயகிக்குப் பேச வேண்டியவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இவளை அழைத்திருந்தார்கள். இன்றைய காட்சிகள் சரியாக வந்தால் படம் முழுவதும் அவளுக்கே.

'ஆண்டவனே, இன்னிக்காவது என் வாயை அடக்கு' என்று வேண்டியபடி மைக் முன் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு மேசையில், விலாவைத் தடவியபடி அவன்!

கோபமே இல்லாத கண்கள். மழை ஓய்ந்த பிறகு இலையில் தங்கும் துளி போல... ஒரு நிதானம். அதைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஏனோ பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இடைவேளையில் அவன் காப்பியை நீட்டினான்.

"இந்த நாயகிய எனக்குப் பிடிக்கவே இல்ல," என்று படபடத்தாள் அவள். "அநியாயம் பண்ற முதலாளியையே எதுத்துப் பேசறா. தைரியசாலிதான், ஒத்துக்கறேன். ஆனா பிடிச்சவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப் படம் முழுக்க இழுத்தடிக்கிறா!"

அவன் மெல்லக் கேட்டான்.

"அவளோட... அந்தத் தோழி?"

"அவளா? வாயில்லாப் பூச்சி. யார் என்ன சொன்னாலும் மண்டைய ஆட்டுவா."

"ரெண்டு பேருக்கும் சண்டை வந்துச்சே... அப்புறம் முதல்ல போய், 'என் மேலதான் தப்பு'ன்னு சொன்னது... அவதானே?"

அவள் மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மைக் பக்கம் திரும்பினாள்.

மறுபடி பதிவு தொடங்கியது. அவளுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. திரையில் உதடு அசையும் முன்பே வசனம் பாய்ந்துவிடும். இன்றும் பாய்ந்தது. ஆனால் பதிவை ஓட்டிக் கேட்ட டைரக்டர் திட்டவில்லை. "பரவாயில்லையே!" என்று சொல்லிவிட்டு யாரோடோ பேச வெளியே போனார்.

பதிவை இன்னொரு முறை ஓடவிட்டபோது அவள் திடுக்கிட்டாள். முந்திச் சொன்னதாக அவளுக்கே தெரிந்த வசனம்கூட உதட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். அவன் விரல்கள் அவள் குரலை ஓசையின்றிப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டிருந்தன.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"யாரைக் கேட்டு நகர்த்தினீங்க? பாவம்னு பிச்சை போடுறீங்களா?"

"இல்ல... நான்..."

"எல்லாத்தையும் பழைய இடத்துலயே வைங்க!"

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே நகர்த்தினான்.

டைரக்டர் திரும்பி வந்து பதிவைக் கேட்டார். முகம் சிவந்தது. "என்னய்யா இது? எல்லாம் முந்திக்கிட்டு நிக்குது? மேசையில தூங்கினியா?"

அவன் தலை குனிந்து நின்றான். அவள் சொல்லித்தான் செய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் உண்மையைச் சொன்னால் வாய்ப்பு போய்விடும். சொல்லாவிட்டால்... படத்தில் வரும் அந்த வாயில்லாப் பூச்சியின் பக்கத்தில்கூட நிற்க அவளுக்கு யோக்கியதை இல்லை.

"சார்... என் மேலதான் தப்பு. முந்திப் பேசினது நான். அவர் சரி பண்ணி வச்சிருந்தாரு. வீம்புக்குக் கலைக்கச் சொன்னதும் நான்தான்."

டைரக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடைசிக் காட்சி ஒண்ணு பாக்கி. அது நல்லா வந்தா நீ. இல்லன்னா வேற ஆள்."

திரையில் மழை. நாயகி காதலன் முன் நிற்கிறாள். மைக் முன் நின்றவள் காதில், ஹெட்ஃபோன் வழியே, தயங்கித் தயங்கி அவன் குரல்...

"உதட்டைப் பாக்காதீங்க. பேசறதுக்கு முன்னாடி... அவ ஒரு மூச்சு இழுப்பா. நீங்களும் கூடவே இழுங்க."

நாயகியின் தோள் மெல்ல உயர்ந்தது. அவளும் மூச்சிழுத்தாள்.

"நான் தோத்துட்டேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு."

உதடும் குரலும் ஒன்றாக அசைந்தன. டைரக்டர் எழுந்தே விட்டார். "நாளைக்கு முதல் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம்மா!"

வாசலில் நிஜ மழை. காலையில் நின்ற அதே இடத்தில் அவன் நின்றிருந்தான். அவள் குடையை விரித்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"காலையில குத்தினதுக்கு... மன்னிச்சிடுங்க. வலிக்குதா?"

"இல்ல. நான் உங்ககிட்ட ஒண்ணு..."

நின்றுவிட்டான். அவள் தொண்டையில் நூறு வார்த்தைகள் முட்டி மோதின. அவன் வாக்கியத்தை அவளே முடித்துவிடலாம். ஆனால் அவன் மூச்சிழுப்பதைக் கண்டாள்.

காத்திருந்தாள்.

"குத்தினீங்களே... அப்பவே பிடிச்சுப் போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் மட்டும் ஏனோ நீர்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றாள். பிறகு, நிதானமாக ஒரு மூச்சிழுத்து... "எனக்கும்தான்."