கையைக் கீழே போடு

பிள்ளைகளின் பைகளைச் சபையின் விடுமுறை முகாம் வாசலிலேயே மேசை போட்டுச் சோதித்தார்கள். தின்பண்டம், விளையாட்டுச் சாமான், மருந்து எதுவும் உள்ளே போகக் கூடாது. தின்பண்டம் ஒரு கூடைக்குப் போனது. அங்கிருந்து யார் வயிற்றுக்குப் போகும் என்று கேட்கக் கூடாது. மருந்துகளை மட்டும் ஒரு டப்பாவில் சேர்த்து, மருந்தறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்தச் சாவி முகாமை நடத்தும் விசில் அண்ணனின் கழுத்தில், விசில் தொங்கும் அதே கயிற்றில் தொங்கியது.

கைவேலை வகுப்புக்கு வந்திருந்த தையல்காரி தன் துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தர ஒரு வாரம் ஆள் வேண்டும் என்று கேட்டபோது, தானாக முன்வந்து பெயர் கொடுத்தவள் அவள். ஊழியத்தில் எவ்வளவு ஆர்வம் என்று மெச்சினார்கள். ஆர்வமாவது மண்ணாவது. போன வருஷம் இதே முகாமில்தான் அவளுடைய அக்காள் மகள் செத்துப்போனாள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதும், பிறகு பெட்டியில் வாங்கிப்போனதும் அக்காளும் அத்தானும்தான். சித்தியை இங்கே யாருக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பெயர் பட்டாணி. அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சுத் திணறினால் நெஞ்சுக்குள் மெல்லியதாக விசில் கேட்கும். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் கையோடு இருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடுவாள். போன வருஷம் அவளுக்குப் பை கட்டிக்கொடுத்தவள் சித்தி. பட்டாணியின் மஞ்சள் கவுனுக்கு வெட்டியதில் மிஞ்சிய துணியில் பம்புக்கென்று ஓர் உறை தைத்து, பையின் பக்கவாட்டு அறையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடியவளும் அவள்தான்.

ஆனால் முகாமிலிருந்து வந்த சேதி வேறு. பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பையில் பம்பும் இல்லை என்றார்கள். அன்றோடு அக்காள் தங்கையிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. உப்பை நகர்த்தச் சொல்லிக்கூடப் பேச்சு கிடையாது. ஒரு வருஷம் இப்படி ஓடினால் யாருக்குமே தன் கைமேல் சந்தேகம் வந்துவிடும். வைத்தோமா, வைத்ததாக நினைத்துக்கொண்டோமா என்று அவளும் குழம்பிப்போயிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டு அக்காள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் இந்த வாரம்.

விசில் அண்ணன் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். பாட்டுக்குப் பாட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம். அதே ஆள் ஒரு முறை விசில் ஊதினால் மூச்சுக் காட்டக் கூடாது. பேச வேண்டியவர்கள் கையைத் தூக்க வேண்டும். அண்ணன் தலையசைத்தால் பேசலாம். "கையைக் கீழ போடு" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

முதல் நாள் ஜெபத்தில் இன்னொரு விதியும் சொன்னார்.

"எல்லாரும் தலையைக் குனிங்க, கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. ஆண்டவர்கிட்ட சொல்ல வேண்டியது இருக்கிறவங்க கையை மட்டும் தூக்குங்க. நான் மட்டும் பார்ப்பேன்."

தையல்காரியும் கண்ணை மூடினாள். வெளியே நல்ல வெயில். ஆனாலும் இமைக்குப் பின்னால் இருக்கிற இருட்டுக்கு வெயில் ஒரு பொருட்டா? மேடையோரம் கீபோர்டு வாசிக்கும் தம்பி மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். அந்த இசைக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

மெல்லிய விசில்.

உள்ளே இழுத்து, வெளியே விட்டு, மறுபடி உள்ளே இழுத்தது.

நெஞ்சில் தடவும் தைலத்தின் வாடை வந்தது. பட்டாணிக்கு இரவில் தேய்த்துவிடும் அதே தைலம். கழுத்துக்குப் பின்னால், காதோரம், ஈரமான மூச்சு பட்டது.

"சித்தி."

அவள் விலுக்கென்று கண்ணைத் திறந்தாள். பின்னால் யாருமில்லை. பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் விசில் அண்ணன் மட்டும் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்த முகம் அப்படியே உறைந்திருந்தது.

"கையைக் கீழ போடு" என்றார் மெதுவாக.

ஒரு கைகூட உயர்ந்திருக்கவில்லை.

கைவேலை வகுப்பில் மேடைக்கு ஒரு பெரிய நீலத் திரை தயாரானது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையைத் துணியில் பதித்து வரைந்து, வெட்டி, அந்தத் திரையில் தைக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று கலர் கலராகக் கைகள். மறுநாள் காலையில் அவள் திரையை விரித்தபோது, கீழ் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கை இருந்தது.

அவள் மூட்டையில் மஞ்சள் துணியே கிடையாது.

சின்ன வெள்ளைப் பூப்போட்ட மஞ்சள். அந்தக் கவுனின் துணி. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. கதவிடுக்கில் நசுங்கி வளைந்த பட்டாணியின் விரல். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே சித்திதான். ஓரத்தில் சங்கிலித் தையல். நூலை அளவுக்கு மீறி இழுத்து இழுத்துப் போட்டதில் துணி சுருங்கியிருந்தது. இப்படி இழுக்காதேடி என்று எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பாள்! அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். துணி சில்லென்று இருந்தது.

"அது அந்த அக்காவோடது" என்றாள், பக்கத்தில் ஊசி கோத்துக்கொண்டிருந்த சின்னப் பெண். முன்பல் இரண்டும் விழுந்ததால் அவளை எல்லாரும் பொக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். முகாமுக்கு அவள் வருவது இது இரண்டாவது வருஷம்.

"எந்த அக்கா?"

"போன வருஷம் செத்துப்போனாங்களே. நான் அவங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஜெபத்துல கண்ணைத் திறந்து பார்த்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, அண்ணா திட்டுவாரு."

"சொல்ல மாட்டேன். என்ன பார்த்தே?"

"அந்த அக்கா கையைத் தூக்கிட்டே இருந்தாங்க. அண்ணா பார்த்தாரு. கையைக் கீழ போடுன்னாரு. அவங்க போடல. மறுபடியும் சொன்னாரு. அப்பவும் போடல." பொக்கை நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தினாள். "கீழ விழுற வரைக்கும் போடவே இல்ல."

தையல்காரி பொக்கையின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாள்களில் மஞ்சள் கை திரையில் மேலேறியது. ஒரு நாள் நடுவில் இருந்தது, மறுநாள் தோள் உயரத்துக்குப் போனது. பழைய இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின. அதைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. விசில் அண்ணன் மட்டும் திரை இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. ஜெபத்தை மட்டும் அவசர அவசரமாக முடித்தார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கம்மியது.

முடிவு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவரை மருந்தறையில் தனியாகப் பிடித்தாள். தான் யார் என்று சொன்னாள். அவர் கொஞ்சம் வெளுத்தார், அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. குழந்தை இப்ப ஆண்டவர்கிட்ட நிம்மதியா இருக்கு."

"பம்ப் எங்கே இருந்தது?"

அவர் போய்க் கதவைச் சாத்தினார்.

"பையில இல்லைன்னு சொன்னீங்க. எங்கே இருந்தது?"

"பையில இல்லதானேக்கா? நாங்க சொன்னதுல பொய் எதுவும் இல்லையே." கழுத்துச் சாவியை விரலால் உருட்டினார். "பீரோவுல இருந்தது. எல்லா மருந்தையும் அங்கதானே வைக்கிறோம்."

"கையைத் தூக்கினாளே?"

"பிள்ளைங்க எதுக்குத்தான் கையைத் தூக்காது? ஒண்ணுக்கு வருது, தண்ணி வேணும், பக்கத்துல இருக்கிறவன் கிள்ளுறான். ஜெப நேரத்துல எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா முகாம் நடத்த முடியுமா?"

"எங்க அக்காகிட்ட வந்து இதைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். பம்ப் பையில இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"அப்புறம் எந்த அப்பா அம்மா பிள்ளையை இங்க அனுப்புவாங்க? இத்தனை பிள்ளைங்களோட ஆசீர்வாதத்தைக் கெடுக்கணுமா? மறந்துடுங்கக்கா. நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

அந்த நிமிஷத்தோடு அவளுக்கு அவன் 'அவர்' இல்லை. நாமும் இனி அவன் என்றே சொல்வோம், அதுவே அதிகம்.

அப்போது பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

மெல்லிய விசில். உள்ளே இழுத்து, வெளியே விட்டது.

அவன் விரல் சாவியின்மேல் நின்றது. நெற்றியில் வியர்வை பொடித்தது.

"எலி" என்றான். சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் வெளியே போய்விட்டான்.

முடிவு விழா மாலையில் நடந்தது. பெற்றோர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆடினார்கள், பாடினார்கள், வரி மறந்து விழித்தார்கள், அதற்கும் கைதட்டு விழுந்தது. மேடைக்குப் பின்னால் நீலத் திரை தொங்கியது. மஞ்சள் கை எல்லாக் கைகளுக்கும் மேலே, உச்சியில் இருந்தது. கடைசி ஜெபத்துக்கு அவன் அதற்கு நேர் கீழே வந்து நின்றான்.

"தலையைக் குனிவோம். கண்ணை மூடுவோம். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம்."

கூட்டம் முழுதும் ஒரே சமயத்தில் குனிந்தது. கீபோர்டு தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். தையல்காரி பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். இருட்டு. இந்த முறை விசில் அவள் காதோரத்தில் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் கேட்டது.

கண்ணைத் திறந்தாள்.

திரையின் உச்சியில் மஞ்சள் கை இல்லை. நூல் நுனிகள் மட்டும் தொங்கின.

அவன் வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவதுபோல் சட்டை குழிந்திருந்தது. அந்தக் குழியின் அளவு சின்னது. ஐந்து விரலும் தெரிந்தன. அதில் ஒன்று வளைந்திருந்தது.

மைக் கையிலிருந்து நழுவி மேடை விரிப்பில் விழுந்தது. கீபோர்டு நிற்கவில்லை. அண்ணன் மனம் உருகி ஜெபிக்கிறார் என்று நினைத்து ஒருவரும் நிமிரவில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அவன் கையைத் தூக்கினான்.

கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். குனிந்த தலைகள், மூடிய கண்கள். கடைசியில் அவன் கண் தையல்காரியிடம் வந்து நின்றது. கை இன்னும் உயர்ந்தது. விரல்கள் கெஞ்சின.

ஒரு சத்தம் போட்டால் போதும். மருந்தறை பத்தடியில், பீரோவின் சாவி அவன் கழுத்திலேயே. அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அக்காளின் முகம் ஞாபகம் வந்தது. பட்டாணியின் கை எவ்வளவு நேரம் அப்படி நின்றிருக்கும் என்று நினைத்தாள்.

அவள் தலையைக் குனிந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

இருட்டில் விசில் மெலிந்துகொண்டே போனது. ஒரு சில்லென்ற சின்னக் கை அவள் கைக்குள் வந்து புகுந்து, இறுக்கிப் பிடித்தது. மேடையில் தொப்பென்று சத்தம் கேட்ட பிறகுதான் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். அவன் மல்லாந்து கிடந்தான். வலது கை மட்டும் விறைத்து மேலே நின்றது.

யாரோ சாவியை அறுத்துக்கொண்டு ஓடி மருந்தறை பீரோவைத் திறந்தார்கள். என்னத்தை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தரையில் வாரிப்போட்டார்கள். மருந்துகளுக்கு நடுவில், மேல்தட்டின் மூலையிலிருந்து விழுந்து கிடந்தது, பூப்போட்ட மஞ்சள் உறை. உள்ளே பம்ப் அப்படியே இருந்தது. பின்னாலேயே வந்த தையல்காரி அதை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள்.

அக்காள் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலைத் தடவினாள்.

"வெச்சிருக்கியேடி" என்றாள்.

"வெச்சேன்க்கா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பீரோவில் பம்ப் இருந்ததையும் மேடையில் அவன் விழுந்ததையும் தங்கை சொன்னாள். அத்தான் தட்டுகளை எடுத்து வைத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அக்காள் உப்பைத் தங்கை பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ஆளுக்கு அப்படி ஆனதை யாருமே பார்க்கலையா?"

"யாரும் பார்க்கலக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முகாமிலிருந்து வந்த சேதியும் இதே மாதிரிதான் இருந்தது.

அக்காள் கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினாள். அத்தானும் தலையைக் குனிந்தார். தையல்காரிக்குக் கண்ணை மூடப் பயமாக இருந்தது. மூடினாள்.

தைல வாடை.

திறந்தாள். எதிரே, இந்த ஒரு வருஷமாக யாரும் உட்காராத பட்டாணியின் நாற்காலி. மேசை விளிம்புக்கு மேலே ஒரு சின்னக் கை உயர்ந்து நின்றது. சுண்டுவிரல் வளைந்திருந்தது. உள்ளங்கை அவளைப் பார்த்திருந்தது.

பட்டாணிக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, அப்பா முன்னால், சித்தி தலையசைத்தால் சொல்லிவிடுவாள். ஜெபத்தில் யார் கண்ணைத் திறந்து பார்த்தார்கள், யார் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள் என்று எல்லாமே அவளுக்குத் தெரியும்.

தையல்காரி மேசைக்கு மேல் குனிந்தாள்.

"கையைக் கீழ போடும்மா" என்று கிசுகிசுத்தாள்.

அக்காள் ஜெபத்தை நிறுத்தினாள். "யார்கிட்டடி பேசுற?"

கை கீழே இறங்கவில்லை.