அல்லியின் மூன்றாவது சாட்சியம்

சாட்சி காலையிலிருந்து ஒரு வாய்கூடத் தின்னவில்லை. போட்ட கரும்பைத் தும்பிக்கையால் ஒதுக்கிவிட்டு, கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி நின்றது.

“இது மூணாவது தடவை. அவளுக்கும் அலுத்துப்போச்சு,” என்றாள் டாக்டர் மெஹருன்னிசா. சொல்லிக்கொண்டே அல்லியின் நெற்றிமேட்டில் வலைத்தொப்பியைப் பொருத்தி வாரை இழுத்துக் கட்டினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், நினைவுவாங்கியின் திரை முன்னால் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். ஒன்றியப் பூங்காக் காவல் துறையில், குறிஞ்சிவரை தேசியப் பூங்காவுக்கு அவள்தான் மேற்பார்வை விசாரணை அதிகாரி. காட்டுக்குள் நடக்கும் குற்றங்களுக்கு மனிதச் சாட்சி கிடைப்பதில்லை என்ற பழைய குறையை உயிர்ச்சாட்சியச் சட்டம் தீர்த்துவைத்திருந்தது. குற்றம் நடந்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து, அங்கே இருந்த யானையின் தும்பிக்கை அருகே காட்டினால் போதும். மண்ணின் மணத்தில் அந்த நினைவு எழும். வலைத்தொப்பி அதை வாங்கித் திரைக்கு அனுப்பும். யானைக்குப் பார்வை மங்கல். அதனால் திரையில் உருவங்கள் கலங்கலாகத்தான் தெரியும். ஆனால் மணம் துல்லியமாக வரும், கோடுகோடாக. மணவரி என்பார்கள் அதை. இரண்டு மனிதர்களுக்கு ஒரே மணவரி இருப்பதில்லை. யானைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

அல்லியின் கூட்டத்தோடு திரிந்த ஒரு கொம்பனைக் கோடையில் யாரோ சுட்டுவிட்டார்கள். தந்தம் போயிருந்தது. அல்லி பக்கத்திலேயே நின்றிருந்ததை அதன் இடங்காட்டிக் கழுத்துப்பட்டை காட்டியது. அதனால் அதை முகாமுக்குப் பிடித்துவந்தார்கள். முதல் வாசிப்பில் வந்த மணவரி யாருடையதோடும் பொருந்தவில்லை. அன்று பூங்கா வாசலைக் கடந்த வண்டிகளில் காய்கறி ஏற்றிப்போகும் மாதப்பனின் பிக்கப்பும் ஒன்று. அவன் சட்டையை வாங்கி, நினைவைத் தூண்டவென்று அந்த மண்ணோடு சேர்த்து அல்லிக்கு முகரக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து இரண்டாவது வாசிப்பு நடந்தது. பளிச்சென்று பொருந்தியது. மாதப்பன் சிறைக்குப் போனான். மூன்றாவது வாசிப்பு விசாரணை நீதிமன்றத்துக்காக, வெறும் சடங்கு.

உள்ளே மண்தட்டைப் பிடித்து நின்றது கோமதிநாயகம். ஜெசிந்தாவின் கீழ் வேலை செய்யும் நான்கு விசாரணை அலுவலர்களில் மூத்தவன், திருநெல்வேலிக்காரன். யானை என்றால் உருகிவிடுவான். வெக்கை தாங்காமல், இரண்டாவது வாசிப்பில் செய்ததுபோலவே, மணத்தடுப்பு உடுப்பின் தலையுறையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். விதிப்படி தப்புதான். ஜெசிந்தா பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டாள்.

திரையில் மூங்கில் அசைந்தது. கொம்பனின் பழுப்பு நிற உடம்பு. இடிபோல ஒரு சத்தம். ஒரு மனித உருவம் ஓடிவந்தது. மணவரி விழத் தொடங்கியதும் இயந்திரம் தன் சேமிப்பில் தேடி, பெயரை எழுதியது.

கோமதிநாயகம். மூத்த விசாரணை அலுவலர்.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். “முடிஞ்சுதா மேடம்? மாதப்பன்தானே?”

ஜெசிந்தா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் இரண்டு தடவை படித்தான். “மேடம், கொம்பனைச் சுட்ட அன்னைக்கு நான் உங்ககூடல்லா கோர்ட்டுல இருந்தேன்! பக்கத்து நாற்காலியில!”

“தெரியும் நாயகம்.”

“சட்டப்படி நீங்க என்னைய இப்போ கைது பண்ணணும்.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

தில்லியிலிருந்த துறை இயக்குநர் வேதமூர்த்தியிடம் ஜெசிந்தா அன்று மாலையே தொலைபேசியில் பேசினாள். அவர் பதற்றப்படவில்லை. “ஏதோ இயந்திரக் கோளாறு. மூணாவது பதிவை விட்டுடுங்க. ரெண்டாவதை வச்சே வழக்கை நடத்துங்க.”

“ரெண்டாவதுல கோளாறு இல்லைன்னு எப்படிச் சொல்றது சார்?”

“அது பொருந்திருச்சே.”

“மூணாவதும்தான் பொருந்திருக்கு.”

“ஜெசிந்தா, நாயகம் அங்கே இல்லைன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு மேல என்ன?”

“நாயகத்துக்கு நான் சாட்சி சார். மாதப்பனுக்கு யாரு?”

வழக்குக்கு நாள் நெருங்குவதை மட்டும் நினைவூட்டிவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை. அதைவிட வலுவான ஒன்று பிடித்துக்கொண்டது. யானை பொய் சொல்லவில்லை, இயந்திரம் பழுதில்லை, நாயகம் அங்கே போகவில்லை. மூன்றுமே உண்மை என்றால் இடையில் வேறு என்னவோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

மறுநாள் மெஹருன்னிசாவிடம் கேட்டாள். “முகாம் யானைங்கள்ல எதுக்காவது, நமக்கு நல்லாத் தெரிஞ்ச பழைய சம்பவம் ஏதாச்சும் இருக்கா? நான் இங்க மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடி நடந்ததா இருக்கணும்.”

மெஹருன்னிசா யோசிக்கவே இல்லை. “பொம்மி! சமையல் கொட்டகைக் கதவை உடைச்சு வெல்லப்பானையைக் காலி பண்ணினா. முகாமே கூடி நின்னு பார்த்துச்சு. நீ அப்போ மன்னார் வளைகுடாவுல கடலட்டை கடத்துறவனுங்களைப் பிடிச்சிட்டு இருந்தே.”

சமையல் கொட்டகையின் மண்ணை எடுத்துவந்து பொம்மிக்கு முகரக் கொடுத்தார்கள். திரையில் நீராவி, வெல்லத்தின் மணம், சமையல்காரரின் கூச்சல், உருளும் பானை. எல்லாம் நடந்தபடியே வந்தன. ஜெசிந்தாவின் சுவடே இல்லை. ஆனால் அந்த வாசிப்பு முழுக்க அவள் வேண்டுமென்றே தடுப்பு உடுப்பு எதுவும் போடாமல் பொம்மியின் தும்பிக்கைப் பக்கமே நின்றிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தடுப்பு உடுப்பில். மறுபடி அதே மண், அதே வெல்லம், அதே கூச்சல். பானை உருண்டது. அதன் பக்கத்திலேயே ஒரு பெண் உருவம் நின்றது. தேங்காயெண்ணெய், கஞ்சி போட்ட சீருடை, அவள் எப்போதும் பையில் வைத்திருக்கும் மாரி பிஸ்கட்.

மெஹருன்னிசா விழுந்து விழுந்து சிரித்தாள். “அடிப்பாவி! வெல்லம் திருடினப்போ நீயும் கூட்டா?”

ஜெசிந்தாவும் சிரித்தாள். தான் போகாத ஓர் இடத்தில், தான் இல்லாத ஒரு நாளில், ஒரு யானை தன்னைச் சந்தோஷமாகப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அது அவளுக்கு விசித்திரமாகவும், கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. பிறகு இருவர் சிரிப்பும் ஒரே நேரத்தில் நின்றது.

“நினைவை வெளியே எடுத்தா அது ஈரக் களிமண் மாதிரி ஆயிடுது ஜெசி,” என்றாள் மெஹருன்னிசா மெல்ல. “மறுபடி காயறதுக்குள்ள பக்கத்துல எது இருந்தாலும் அதுல பதிஞ்சிடும். நாம உடுப்புப் போட்டுக்கிறோம். அதனால நம்ம வாசனை பதியாது. பதியற ஒரே வாசனை...”

“நாம முகரக் கொடுக்கிற சட்டை.”

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக அவர்கள் யானையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. யானைக்குச் சொல்லிக்கொடுத்து, அதையே திருப்பி வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு எண்ணமும் தொடர்ந்து வந்தது, முன்னதைவிடக் குளிர்ந்ததாக. புதிய மணம் பதிந்த இடத்தில் இருந்த பழையது எங்கே போயிற்று? அல்லியின் முதல் வாசிப்பை எடுத்துப் பார்த்தாள். யாருடையதோடும் பொருந்தாத அந்த மணவரி இரண்டாவதில் மங்கியிருந்தது. மூன்றாவதில் துளியும் இல்லை.

இந்த முறை இயக்குநரிடம் அவள் அனுமதி கேட்கவில்லை. மூன்று பதிவுகளையும் பொம்மியின் வெல்லத்தையும் நேராக நீதிபதியின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். நீதிமன்றத்தில் பெரிய கூச்சலாயிற்று. நினைவுவாங்கிகள் நாடு முழுக்க நிறுத்தப்பட்டன. பழைய தீர்ப்புகளைத் திரும்பப் பார்க்க ஆணை வந்தது. வேதமூர்த்தி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மாதப்பனுக்கு விடுதலைச் செய்தியைத் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நாயகமும் கூட வந்தான். மாதப்பன் மெலிந்திருந்தான். அவள் சொல்லச் சொல்லத் தலைகுனிந்தே கேட்டான்.

“நீங்க வெளிய போகலாம் மாதப்பன். நீங்க சுடலை.”

“இல்லீங்கம்மா,” என்றான். “நான்தானுங்க சுட்டேன்.”

ஜெசிந்தா திரும்பி நாயகத்தைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

“முதல்ல எனக்கும் ஞாபகம் இல்லீங்க. இவரு கேட்டுட்டே இருந்தாருங்கல்ல, எங்க நின்னே, எப்படிக் குறிபார்த்தேன்னு. நெனச்சு நெனச்சுப் பார்த்ததுல வந்துருச்சுங்க. மழை தூறிட்டு இருந்துச்சு. மூங்கிலுக்கு அடியில ஒதுங்கி நின்னேன். துப்பாக்கி தோள்ல உதைச்சது இன்னும் வலிக்குதுங்கம்மா.” சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான். அங்கே ஒன்றும் இல்லை.

“அன்னைக்கு மழையே பெய்யலை,” என்றாள் ஜெசிந்தா.

“நான்தான் மேடம்,” என்றான் நாயகம். “பெஞ்சிருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டு, மழையில எங்க ஒதுங்குனேன்னு இவர்ட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறந்தான் அன்னைக்கு மழை இல்லைன்னு தெரிஞ்சுது. அதைச் சொல்லவே இல்ல.”

மாதப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப இந்த வலி யாருதுங்க?”

ஜெசிந்தாவின் வாயில் நூறு கேள்விகள் எழுந்தன. ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. இனி இவனிடம் எதைக் கேட்டாலும் அதுவும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். “வீட்டுக்குப் போங்க. யாரு கேட்டாலும் இதைப் பத்திப் பேசாதீங்க. என்கிட்டயும் சொல்லாதீங்க,” என்று மட்டும் சொன்னாள். அவன் மனைவி வெளியே பிக்கப்போடு காத்திருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவன், வெகுநேரம் வண்டியைக் கிளப்பவே இல்லை.

மழைக்காலம் முடிந்து புல் உயர்ந்திருந்த ஒரு காலையில், பூங்கா முழுக்க மரங்களில் பொருத்தியிருந்த கண்காணிப்புக் கேமராக்களான மரக்கண்களில் ஒன்று எச்சரிக்கை அனுப்பியது. ஜெசிந்தாவும் நாயகமும் அப்போது மேட்டுப் பாதையில் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். கைத்திரையில் படம் வந்தது. கீழே சதுப்புநிலத்தில், முகாமிலிருந்து திரும்ப விடப்பட்டிருந்த அல்லியும் அதன் கூட்டமும், நடுவே ஓர் இளங்கொம்பன். ஓடையோரப் புதர்களுக்குள், துண்டால் முகத்தை மறைத்த ஒருவன் நீளத் துப்பாக்கியோடு ஊர்ந்துகொண்டிருந்தான்.

“கீழே இறங்கச் சுத்துப்பாதைதான் மேடம். அதுக்குள்ள சுட்டுருவான்.”

“அல்லி மோந்துடுவா. ஓடை வழியா வர்ற காத்து அவன் வாடையையும் அவகிட்டதான் கொண்டுபோகுது.”

அல்லி தும்பிக்கையைத் தூக்கியது. அவன் இருந்த திசையில் நீட்டி முகர்ந்தது. பிறகு தாழ்த்தி, ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்னத் தொடங்கியது.

“அவளுக்குப் பயமே இல்லையே!” என்றான் நாயகம்.

ஜெசிந்தா கைத்திரையை நெருங்கிப் பார்த்தாள். கோடையில் கொம்பனைச் சுட்டவன் இவன்தானா? அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்த ஒரே உயிரின் நினைவைத்தான் அவர்கள் அழித்துவிட்டார்களே. இவன் மணத்தைக் கண்டு ஓட வேண்டிய அல்லி, அதை யாரோ வழிப்போக்கனின் மணம்போல எண்ணி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் நினைவில் கொலைகாரன் வேறு ஆள்; மூன்றாவது வாசிப்பு பெயர் சொன்ன ஆள்.

ஜெசிந்தா எதுவும் சொல்வதற்கு முன்பே நாயகம் ஜீப்பை நிறுத்தி இறங்கிவிட்டான். அவனும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். பாறை விளிம்புக்கு ஓடினான். மேட்டுக்காற்று அவன் முதுகில் மோதிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றினான். வியர்வையில் நனைந்திருந்த அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தான்.

கைத்திரையில் அல்லி மெல்வதை நிறுத்தியது.

தும்பிக்கை மேட்டை நோக்கி உயர்ந்தது. காதுகள் விரிந்தன. பிறகு அது பிளிறிய பிளிறல், திரையின் உதவியில்லாமலே மேடு வரைக்கும் வந்து கேட்டது. கூட்டம் முழுவதும் ஒரே உடம்பாகத் திரும்பிற்று. குட்டிகளை நடுவில் தள்ளிக்கொண்டு, ஓடையைக் கலக்கிக்கொண்டு, மேட்டுக்கு எதிர்ப்புறமாக ஓடியது. அந்த ஓட்டத்தின் குறுக்கே அகப்பட்ட துப்பாக்கிக்காரன் ஆயுதத்தைப் போட்டுவிட்டு மரத்தில் தாவி ஏறினான். இளங்கொம்பன் அவனுக்குக் கீழேயே கடந்து போனது.

ஜெசிந்தா வானொலியில் ரோந்துக்காரர்களை ஓடையின் பக்கம் அனுப்பினாள். அந்த மனிதனை மரத்திலிருந்து இறக்கலாம். அவனிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

நாயகம் சட்டையைத் தாழ்த்தவே இல்லை. கூட்டம் ஒதுங்கிய காட்டின் ஓரத்தில் அல்லி மட்டும் நின்று மேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. முகாமில் அது காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்தவன் அவன்; அதற்குப் பெயர் வைத்தவனும் அவன்தான்.

“போதும் நாயகம். வாங்க. கூட்டம் தப்பிச்சுருச்சு.”

“இன்னும் கொஞ்சம் மேடம்,” என்றான், திரும்பாமலே. “அவ இன்னும் பார்த்துக்கிட்டிருக்கா. நல்லாப் பயந்து, நல்லா உள்ள போவட்டும்.”